பால்மரக் கொழுந்தும் பாக்கியம் அக்காவின் சத்தியமும்

தம்பி,

அன்னிக்கு நான் மீன் சட்டிய சிங்க்குல டமால்னு போட்டுட்டு, ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்துனது உம்மேல உள்ள கோவத்துல இல்ல. அதை மொதல்ல சொல்லிடறேன். நீ ஜெர்மனிக்குப் போறது புடிக்காமத்தான் அம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு வாரமா எனக்கு ஐஸ் வைக்கிறே. பாசார் சந்தையில இருந்து எனக்குப் புடிச்ச அப்பம் பாலிக் பலகாரம் வருது, சாயங்காலமானா கோப்பி கலக்கிக் கொடுக்கறே, நேத்து என் சேலையக்கூட மடிச்சு வச்சே. பாக்கப் பாக்க எனக்கு அழுகைதான் வருது. நீ போறதுக்கு நான் ஏன்டா கோவிக்கப் போறேன்? ரப்பர் மரத்துல பால் வெட்டுன கையால பெத்து வளத்த புள்ள பெரிய மெசினு வச்சிருக்கற ஊருக்குப் போறான்னு ஈப்போ முழுக்க நாந்தானே தண்டோரா போட்டுக்கிட்டுத் திரியறேன். எனக்குக் கோவம் எம்மேலதான். அது ஏன்னு நேருக்கு நேரா சொல்ல வாய் வரல. இவ்வளவு நீளமான வாயி இருந்தும் வரல. அதான் எழுதறேன். இன்னொன்னும் சொல்லிடறேன். இந்தக் கடுதாசி உனக்கு மட்டும் இல்ல. நம்ம பழைய தோட்டத்து ஆளுங்க வாட்சப் குரூப்பு இருக்குல்ல, திருவிழாவுக்குன்னு ஆரம்பிச்சு இப்ப காலை வணக்கமாப் போட்டுத் தள்ளறாங்களே, அதுலயும் இதைப் படம் புடிச்சுப் போடப் போறேன். ஏன்னு படிச்சா உனக்கே புரியும். அசிங்கமா இருக்கேன்னு நெனைக்காத. அசிங்கமாத்தான் இருக்கும்.

அன்னிக்கு நடந்தத நான் எப்படிப் பாத்தேன்னு சொல்றேன் கேளு. இத்தன வருஷமா நீ என்னா ஆராய்ச்சி பண்றேன்னு யார் கேட்டாலும் 'புரோட்டீன்'னு ஒரே வார்த்தையில முடிச்சிருவே. கோயில்ல பாதிப் பேரு எம்மவன் கோழி முட்டையில ஏதோ பண்றான்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சிம்பாங் பூலாய்க்கு அந்தாண்ட மிஞ்சிக் கெடக்கற ரப்பர் பால்மரத்துப் பக்கம் என்னைக் கூட்டிட்டுப் போனே. தாமிரக் கலர்ல இருக்கற இளங்கொழுந்தா பாத்துப் பறிச்சுக் கொடும்மான்னே. ஐஸ் பொட்டியில அடுக்கிக் கொடுத்தேன். எதுக்குன்னு கேட்டதுக்கு 'அதுல ஒரு நொதி இருக்கும்மா'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டே. நானும் விட்டுட்டேன். அன்னிக்கு என்னமோ பொட்டி கட்டிக்கிட்டு இருக்கறப்ப உனக்கே மனசு எளகிருச்சு போல. 'அம்மா, வா, நான் என்னா பண்றேன்னு காட்டறேன்'னு சமையல் மேசையில லேப்டாப்பத் தொறந்து வச்சே. நான் மீன் கழுவிக்கிட்டே பாத்தேன்.

மொதல்ல படிகத்தக் காட்டுனே. சின்னச் சின்னதா, கண்ணாடி மாதிரி, கற்கண்டு ஒடஞ்ச தூளு மாதிரி இருந்துச்சு. இதுக்குத்தான் ஒன்னரை வருஷம் போச்சும்மா, சொட்டுச் சொட்டா வச்சுட்டுத் தவம் கெடந்தேன், மொதல்ல வளந்தது வெறும் உப்புன்னே. ஏன்டா கற்கண்டாக்கணும், தண்ணியாவே பாக்க முடியாதான்னு கேட்டேன். ஒத்த நொதி கண்ணுக்கே தெரியாதும்மா, லட்சக்கணக்குல ஒரே மாதிரி அடுக்கி நின்னாத்தான் எக்ஸ்ரே பட்டுத் தெறிக்கற புள்ளிய வச்சு அதோட உருவத்தக் கணக்குப் போடலாம்னே. ஓகோ, காலையில பேர் கூப்பிடற பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சாத்தான் கங்காணிக்கு எண்ண முடியும், அது மாதிரியான்னு கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. இதை என் புரொபசர்கிட்ட சொல்லப் போறேன்னே. எனக்கு ஒரே பெருமை.

அப்பறம் அந்த உருவத்தக் காட்டுனே. கலர் கலரா ரிப்பன் சுத்திக் கெடந்துச்சு. நடுவுல ஆழத்துல ஒரு பள்ளம். அதுக்குள்ள போறதுக்கு ஒரே ஒரு ஒடுக்கமான சந்து. வேலையெல்லாம் அந்தப் பள்ளத்துலதான் நடக்குதுன்னே. என்னா வேலைன்னு கேட்டேன். நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு. 'இலை ஒரு வீடுன்னு வச்சுக்கம்மா. ஒரு ரூம்ல ஒரு சர்க்கரை இருக்கு, அந்தச் சர்க்கரையோட ஒட்டி விஷத்தப் பூட்டி வச்சிருக்கு மரம். அதை வெட்டற நொதி வேற எடத்துல இருக்கு, செவுத்துக்கு அந்தாண்ட. இலை முழுசா இருக்கற வரைக்கும் ரெண்டும் பாத்துக்காது. எதாச்சும் வந்து கடிச்சு மென்னா செவுரு ஒடையும். மொத நொதி சர்க்கரைய வெட்டி எடுத்துரும். மிச்சம் இருக்கறத என் நொதி இந்தப் பள்ளத்துல போட்டு ரெண்டாப் பிளக்கும். ஒரு பாதி, நகப்பூச்சு அழிக்கற தண்ணி. இன்னொரு பாதி சயனைடு. தானா பிரியணும்னா நேரமாகும்மா, இது இருந்தா சடக்குன்னு நடந்துரும்.' இதையே திருப்பி விட்டா பிரிக்கறதுக்குப் பதிலா சேக்கவும் செய்யும், அதை வச்சு மருந்துக்கு வேண்டிய சாமான் செய்யலாம், அதுக்குத்தான் ஜெர்மனிக்குப் போறேன்னு நீ பாட்டுக்கு சொல்லிக்கிட்டே போனே. நான் அதெல்லாம் கேக்கல. யாருக்குடா இந்த விஷம்னு கேட்டேன். 'பூச்சிக்குத்தான். ஆனா ஆடு மாடும் சாகும்மா. கீழ விழுந்த காஞ்ச இலைய ஒன்னு ரெண்டு கொறிச்சா ஒன்னும் ஆகாது. பசியோட இருக்கறப்ப கொழுந்தா நெறையத் தின்னா அரை மணி நேரத்துல விழுந்துரும்'னே. அப்பதான் சட்டி கையில இருந்து போச்சு.

இப்ப பாக்கியம் அக்காவப் பத்திச் சொல்லணும். நீ இந்தப் பேர எங்கிட்ட கேட்டிருக்க மாட்டே. நான் சொன்னதே இல்ல. நானும் உங்கப்பாவும் கல்யாணம் ஆகி அந்தத் தோட்டத்துக்கு வந்தப்ப, லயத்து வீட்டு வரிசையில எங்களுக்கு அடுத்த கதவு அவங்க வீடு. என்னைவிட ஆறு வயசு மூத்தவங்க. கருப்பா, நெடுநெடுன்னு, சிரிச்சா மேல் வரிசைப் பல்லு அத்தனையும் தெரியும். எனக்கு மாங்கு மாங்குன்னு வெட்டத் தெரியுமே தவிர மரத்தக் காயப்படுத்தாம வெட்டத் தெரியாது, கங்காணி தெனம் திட்டுவாரு. அவங்கதான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க எங்கையப் புடிச்சு வெட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு பின்னாடியே ஓடி வருவாங்க, 'விட்டுட்டேன் விட்டுட்டேன், நீயே ஓட்டறடி!'ன்னு கத்துவாங்க, நான் பயந்து போய் நேரா சாக்கடைக்குள்ள எறங்குவேன். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு பேரும் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து துணி எடுத்துட்டு, மழைக்கு ஒதுங்குன எடத்துல ஒரே தட்டு மீ நூடுல்ஸைப் பங்கு போட்டுத் தின்னுட்டு, வீட்டுல வந்து ஒன்னும் சாப்பிடலன்னு பொய் சொல்வோம். எங்க பேச்சும் சிரிப்பும் லயத்து அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். நீ பொறந்தப்ப எனக்குப் பத்து நாளு காய்ச்சல், எழுந்து உக்கார முடியல. உன்னைக் கால்ல போட்டு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தொட்டில்ல போட்டுத் தூங்க வச்சதெல்லாம் அவங்கதான். அப்ப அவங்க மவன் குணாவுக்கு நாலரை வயசு. உன்னைத் தூக்கணும்னு அவன் அழுவான். இதையெல்லாம் எழுதறப்பவே எனக்கு மனசு அங்க போயிருது தம்பி. அந்த மாதிரி ஒரு சிநேகிதி எனக்கு அதுக்கப்பறம் கெடைக்கவே இல்ல. கெடைக்கறதுக்கு நான் லாயக்கும் இல்ல.

எங்ககிட்ட நாலு ஆடு இருந்துச்சு. ஒரு குட்டியில இருந்து நான் பெருக்குனது. அதுல பெரிய கெடா உன் மொட்டைக்காக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. அந்த வருஷம் மழை பேஞ்சு பல நாளாச்சு, புல்லெல்லாம் கருகிப் போச்சு. ஆடுங்க கயித்த அத்துக்கிட்டுப் போய் பாக்கியம் அக்கா போட்டிருந்த கீரப் பாத்தியத் தின்னுருச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணாவது தடவை அவங்களுக்கு வந்ததே கோவம், 'இன்னொரு தடவை வரட்டும், மருந்து வச்சிடறேன் பாரு!'ன்னு லயமே கேக்கற மாதிரி கத்துனாங்க. அவங்க அப்ப காட்டுல புல்லு மருந்து அடிக்கற வேலைக்கு மாறியிருந்தாங்க. மருந்து தெளிக்கற தோம்பு டாங்கி அவங்க முதுகுலதான் எப்பவும் தொங்கும். நானும் சும்மா இருப்பனா? பதிலுக்கு நாலு கேட்டேன். நாலு நாளா பேச்சு வார்த்தை இல்ல.

அஞ்சாவது நாளு எனக்கு நர்சரியில வேலை. ஒட்டு கட்டுன பால்மரக் கன்னுல ஒட்டுப் புடிச்சதும் மேல இருக்கற தலைய வெட்டிப் போட்டுருவாங்க, அப்பதான் ஒட்டுல இருந்து தளிர் வரும். வெட்டுன தலையெல்லாம் கொழுந்தும் இளசுமா குமிஞ்சு கெடந்துச்சு. மரவள்ளிக் கொழுந்து ஆட்டுக்கு ஆகாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா பால்மரத்து இலைய நம்ம ஆடுங்க தெனம் மரத்தடியில பொறுக்கித் தின்னுட்டுதான் இருக்கும், ஒன்னும் ஆனதில்ல. சரி, பசியாக் கெடக்குதுங்களே, இதையாச்சும் திங்கட்டும்னு ஒரு சாக்கு நெறைய அமுக்கிக் கொண்டாந்தேன். பாதியக் கொட்டுனேன். பட்டினி கெடந்த ஆடுங்க தம்பி, மூச்சு விடாம தின்னுச்சுங்க. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. உள்ள போய் உனக்குச் சோறு ஊட்டிட்டு வெளிய வர்றேன், பெரிய கெடா கால் பின்னிக்கிட்டு விழுது. வாயில நொரை. இழுத்து இழுத்து மூச்சு விடுது. அடுத்தது, அதுக்கடுத்தது. என் கண்ணு முன்னாடி நாலும் போச்சு.

நான் போட்ட கூச்சல்ல லயமே கூடிருச்சு. 'மருந்து வச்சுட்டாளே பாவி!'ன்னு மண்ண வாரித் தூத்துனேன். அவங்க கதவுல நின்னுக்கிட்டு 'நான் வைக்கலடி, சத்தியமா நான் வைக்கலடி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உங்கப்பா மட்டும் கூட்டத்துல சேரல. பேசாத மனுசன்னு உனக்குத்தான் தெரியுமே. ஆட்டுக் கொட்டாய்ல குனிஞ்சு பாத்துட்டு எங்கிட்ட வந்து மெதுவா, 'ஏம்மா, நீ கொண்டாந்த கொழுந்தா இருக்குமோ?'ன்னு கேட்டாரு. நான் அவரக் கடிச்சுக் கொதறிட்டேன். எவளோ ஒருத்திக்குப் பரிஞ்சு பேசறீங்களான்னு கேக்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். அவரு வாய மூடிக்கிட்டாரு. போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு, கடைசி வரைக்கும் அதைப் பத்தி மறுபடி ஒரு வார்த்தை பேசல.

இப்ப நான் யார்கிட்டயும் சொல்லாத ஒன்னச் சொல்றேன். எல்லாரும் ஆட்டப் பொதைக்கப் போனாங்க. நான் மட்டும் வீட்டுல. சாக்குல மிச்சம் பாதிக் கொழுந்து இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் கொல்லையில சருகோட சேத்துப் போட்டு நெருப்பு வச்சுட்டேன். ஏன் வச்சேன்? ஒன்னுமே தெரியாதவளா இருந்தா அதை அங்கயே விட்டிருப்பேன். உங்கப்பா கேட்ட கேள்வி எனக்குள்ள எறங்கிருச்சு தம்பி. அது உண்மையா இருந்துறக் கூடாதுன்னுதான் எரிச்சேன். சாமிக்கு விட்ட ஆட்ட நானே எங்கையால கொன்னேன்னு ஆயிட்டா நான் எப்படி வெளிய தலை காட்டுவேன், உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு ஒரு பயம். பயந்தவ சும்மா இருந்திருக்கலாம். நான் இன்னும் சத்தமா கத்துனேன்.

வெள்ளிக்கிழமை கோயில்ல பஞ்சாயத்து. நாந்தான் கேட்டேன், சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்கன்னு. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அது தெரியாது. அம்மன் முன்னாடி உள்ளங்கையில சூடத்த ஏத்தி, சத்தியத்தச் சொல்லி, கையாலயே அணைக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணுனா சும்மா விடாதுன்னு எல்லாருக்கும் பயம். பாக்கியம் அக்கா 'பண்றேன்'னு வந்து நின்னாங்க. கோயில் தலைவரு சூடத்த வச்சாரு. அப்ப நான் சொன்னேன், 'சும்மா சத்தியம் வேணாம். உம்மவன் மேல பண்ணு.' அவங்க என்னைப் பாத்தாங்க. சைக்கிள் பின்னாடி ஓடி வந்த அந்த மூஞ்சிதான். 'நான் அந்த ஆடுங்களக் கொன்னிருந்தா எம்புள்ளைய அம்மா கேக்கட்டும்'னு சொல்லி சூடத்த அணைச்சாங்க. கையில கொப்புளம் வந்துச்சு.

மூணு மாசம் கழிச்சு தோட்டத்துல புள்ளைங்களுக்கெல்லாம் தாடை வீங்கிப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. உனக்கும் வந்துச்சு, ஒரு வாரத்துல போயிருச்சு. குணாவுக்கும் வந்துச்சு, போச்சு, ஆனா ஒரு காது கேக்காமப் போச்சு. இந்த நோவுல சில புள்ளைங்களுக்கு இப்படி ஆகறது உண்டுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அப்பவே சொன்னாரு. நான் என்னா செஞ்சேன் தெரியுமா? தண்ணிக் குழாயடியில பத்துப் பொம்பளைங்க நிக்கறாங்க, 'சாமி கேக்கும்னு சொன்னேன்ல, கேட்டுருச்சு'ன்னேன். ஒரு வாயி போதாதா? சாயங்காலத்துக்குள்ள தோட்டமே அதைத்தான் பேசுச்சு. அவங்க வீட்டுக்குத் தண்ணி குடிக்கக்கூட யாரும் போகல. ரெண்டு மாசத்துல கமுந்திங்ல கையுறை தொழிற்சாலையில வேலை கெடச்சிருச்சுன்னு லோரி புடிச்சுப் போய்ட்டாங்க. லோரி ஏத்தற சத்தம் கேட்டுச்சு. நான் கதவத் தொறக்கல.

இதெல்லாம் நடந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. தோட்டம் வித்துப் போச்சு, நாம ஈப்போவுக்கு வந்தோம், நான் ஸ்கூல் கேண்டீன்ல ஆக்கிக் கொட்டி உன்னைப் படிக்க வச்சேன். பாக்கியம் அக்கா ஞாபகம் வந்தா, 'அவங்கதான் வச்சிருப்பாங்க, பின்ன வேற யாரு'ன்னு எனக்கே சொல்லிச் சொல்லி அமுக்கிருவேன். நீ லேப்டாப்பத் தொறந்து வச்சு அதை ஒரேயடியா ஒடச்சுட்டே. மறுநாளு நான் உனக்குப் போன் போட்டு, 'தம்பி, புல்லு மருந்து உள்ள போன ஆடு எவ்வளவு நேரத்துல சாகும்?'னு கேட்டேன்ல? 'என்னாம்மா, யாருக்கு வைக்கப் போறே?'ன்னு சிரிச்சே. அப்பறம், 'அது நாள் கணக்காகும்மா, அரை மணியில எல்லாம் பொட்டுன்னு விழாது'ன்னே. எனக்கு இருந்த கடைசிச் சாக்கும் போச்சு. போன வச்சுட்டு கேண்டீன் பின்னாடி உக்காந்து அழுதேன்.

போன சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனது கல்யாணத்துக்கு இல்ல. குரூப்புல நம்பர் வாங்கி, அட்ரஸ் வாங்கி, தைப்பிங்குக்கு ரயில் ஏறி, அங்கேருந்து கார் புடிச்சு கமுந்திங் போனேன். கதவத் தொறந்தது குணா. பெரிய ஆளா இருக்கான், நெத்தி ஏறிருச்சு. 'யாரு ஆன்ட்டி?'ன்னு கேட்டான். நான் பேரு சொன்னேன். உள்ள இருந்து ஒரு கொரல், 'அவளா? வரச் சொல்லு.' குணா என்னை உள்ள விட்டுட்டு வெளிய கார்கிட்ட போய்ட்டான். முட்டி வலி போல, நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல. முடி அத்தனையும் வெள்ளை. பல்லு மட்டும் அப்படியே இருக்கு, ஆனா சிரிக்கல.

நான் உக்காராம நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். சாக்கு, கொழுந்து, நெருப்பு, நீ சொன்ன ரெண்டு ரூமு, செவுரு, எல்லாம். தப்புத் தப்பாத்தான் சொல்லியிருப்பேன். அவங்க கண்ண எடுக்காம கேட்டாங்க. 'இலைக்குள்ளயேவா இருந்துச்சு?'ன்னு கேட்டாங்க. 'ஆமாக்கா.' 'புல்லு மருந்து இல்ல?' 'இல்லக்கா.' அப்பறம் கேட்டாங்க, 'அப்ப என் சத்தியம் பொய்யில்லையாடி?'

எனக்கு மொதல்ல புரியல. அவங்கதான் வைக்கலையே, சத்தியம் எப்படிப் பொய்யாகும்? அப்பறந்தான் சொன்னாங்க. அன்னிக்குக் காலையில மருந்துத் தோம்ப நம்ம ஆட்டுக் கொட்டாய் ஓரமா ஓடற, ஆடுங்க வாய் வைக்கற சாக்கடையிலதான் கழுவி ஊத்துனாங்களாம். சத்தியம் பண்றப்ப அது ஞாபகத்துல இல்ல. குணாவுக்குக் காது போனதுக்கப்பறம், நான் குழாயடியில சொன்னது அவங்க காதுக்கு வந்ததுக்கப்பறம் ஞாபகம் வந்துருச்சு. 'நான் வேணும்னு கொல்லல, ஆனா நாந்தான் கொன்னுட்டேன், தெரியாம பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், அதான் அம்மா எம்புள்ள காத எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். வருஷா வருஷம் பால்குடம் எடுக்கறேன்டி. ஒவ்வொரு தடவையும் மன்னிச்சிரு தாயேன்னுதான் எடுக்கறேன். குணா என்னா சொன்னாலும் எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன், என்னாலதானே அவனுக்கு இப்படின்னு.' தம்பி, நான் அவங்க பேரைக் கெடுத்தேன்னுதான் மன்னிப்புக் கேக்கப் போனேன். நான் கெடுத்தது அது இல்ல. பெத்த புள்ள மூஞ்சிய நிமிந்து பாக்க விடாம ஒரு தாய இத்தன வருஷம் ஒக்கார வச்சிருக்கேன்.

நான் கீழ உக்காந்து கால்ல விழப் போனேன். 'தொடாத'ன்னாங்க. 'நீ எல்லார் முன்னாடியும் வச்சுத்தானே என்னைக் கேட்டே? இப்ப யாரும் இல்லாத நேரமா என் வீட்டுல வந்து சொல்றே.' எழுதிப் போடறேன்கா, தோட்டத்து ஆளுங்க எல்லாரும் பாக்கற மாதிரி போடறேன்னு சொன்னேன். 'போடு. ஆனா உன் வாயி சொல்றத நான் எப்படிடி நம்பறது? அன்னிக்கும் நீ இப்படித்தான் உண்மை மாதிரியே பேசுனே. உம்மவன வரச் சொல்லு. அவன் சொல்லட்டும். நான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுன புள்ள, எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்.' கெளம்பறப்ப, 'நீ இனிமே இங்க வராத'ன்னாங்க. குணா என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கார்ல கொண்டாந்து விட்டான். தண்ணி பாட்டில் வாங்கிக் கையில கொடுத்துட்டுப் போனான்.

அதனால இதைப் படிக்கற தோட்டத்து ஆளுங்க எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த நாலு ஆட்டையும் கொன்னது நான். நர்சரியில இருந்து பால்மரக் கொழுந்தக் கொண்டாந்து போட்டுக் கொன்னேன், மிச்சத்த எரிச்சு மறைச்சேன். பாக்கியம் அக்கா மருந்து வைக்கல. அவங்க சூடம் அணைச்சுப் பண்ணுன சத்தியம் சுத்தமான சத்தியம். குழாயடியில நான் சொன்னத யார் யார் நம்புனீங்களோ, யார் யார் அடுத்தவங்களுக்குச் சொன்னீங்களோ, நீங்களும் ஒரு வார்த்தை அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. என்னைத் திட்டணும்னா திட்டுங்க, என் நம்பரும் குரூப்புலதான் இருக்கு.

தம்பி, உனக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்லன்னு இதைப் படிச்சதும் உனக்குத் தோணும். இருந்தாலும் அம்மா சொல்லாம யாரு சொல்றது. அங்க போனா தலையில எண்ணெ வைக்காம அலையாத. குளிருக்கு சோம்பல்பட்டு வெறும் ரொட்டியா தின்னுட்டுக் கெடக்காத. கல்யாணம் பண்ணுனா, பொண்டாட்டி மெதுவா ஒரு கேள்வி கேட்டா கத்தாம நின்னு கேளு. உங்கப்பா கேட்டத நான் கேட்டிருந்தா இந்தக் கடுதாசியே இல்ல. உன் வேலையில ஒன்னு தப்பாப் போச்சுன்னா, மொதல்ல வந்தது உப்புன்னு எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னே பாரு, அது மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லிரு. எனக்கு அது வரல. உனக்கு வருது. அது யார்கிட்ட இருந்து வந்துச்சோ தெரியல, எங்கிட்ட இருந்து இல்ல.

உனக்கு வெள்ளிக்கிழமை பிளைட்டு. அதுக்குள்ள ஒரு நாளு கமுந்திங் போய்ட்டு வந்துரு. நான் வரல, என்னை வர வேணாம்னு சொல்லிட்டாங்க, அவங்க சொன்னதுதான் சரி. லேப்டாப்ப எடுத்துட்டுப் போ. அந்தப் படிகத்தக் காட்டு, ரிப்பன் படத்தக் காட்டு, அந்தப் பள்ளத்தக் காட்டு, விஷம் எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சொன்ன மாதிரியே நிதானமா சொல்லு. பொன்னுக்கு வீங்கியில காது போறதப் பத்தியும் சொல்லு, அதுக்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லு. அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு, அவசரப்படாத. பெரியம்மான்னு கூப்பிடு. குணாவையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் சொல்லணும், அவனும் கேக்கணும். நீ அவனுக்கு வலது பக்கமா உக்காரு, இடது காது கேக்காது.

அம்மா